ஏஞ்சல்னா தேவதை இல்ல, தூதர்

போன டிசம்பர்ல எங்க தெருப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து கிறிஸ்மஸ் நாடகம் போட்டாங்க, அக்கா பொண்ணுக்கு கபிரியேல் வேஷம், இயேசு பிறக்கப் போறார்னு மரியாள்கிட்ட சேதி சொல்ல வர்ற ஏஞ்சல். தெர்மாகோல்ல ரெண்டு றெக்கை வெட்டி, ஜிகினா ஒட்டி, எலாஸ்டிக் வச்சு முதுகுல மாட்டிவிட்டது நான்தான். போட்டோவ ஃபேமிலி குரூப்ல போட்டதும் வரிசையா "தேவதை மாதிரி இருக்கா", "குட்டி தேவதை"ன்னு மெசேஜ். அதப் பாத்துட்டு அவ கேட்டா, "மாமா, வசனத்துல தூதர்னுதான இருக்கு, இவங்க ஏன் தேவதைங்கிறாங்க?" நல்ல கேள்வி. சொல்லப்போனா ஏஞ்சல்ங்கிற சொல்லுக்குள்ள இருக்கிற விஷயமே அந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு.

ஏஞ்சல்ங்கிறது இங்கிலீஷ் சொல், அது லத்தீன் "ஆங்கெலுஸ்" வழியா வந்தது, லத்தீனுக்கு அது கிரேக்க "ஆங்கெலோஸ்"லருந்து வந்துச்சு. கிரேக்கத்துல அதுக்கு அர்த்தம் செய்தி கொண்டுபோறவன், அவ்வளவுதான். றெக்கையும் கெடையாது ஒளிவட்டமும் கெடையாது, ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்கு ஆள் அனுப்பினாலும் அந்த ஆள் ஆங்கெலோஸ்தான். லூக்கா நற்செய்தி 7ம் அதிகாரத்துல திருமுழுக்கு யோவான் சிறையில இருந்து இயேசுகிட்ட ரெண்டு பேர அனுப்புறாரு, அவங்க அவரோட சீடர்கள், நம்மள மாதிரி மனுஷங்க, ஆனா அவங்க திரும்பிப் போறப்ப கிரேக்க மூலத்துல அவங்களுக்கும் அதே ஆங்கெலோஸ்ங்கிற சொல்தான் போட்டிருக்கு. நற்செய்திக்கு கிரேக்கத்துல "எவாங்கெலியோன்"னு பேரு, அதுக்குள்ளயும் இதே வேர்தான், நல்ல சேதி.

இதுக்கும் முன்னாடி போனா எபிரேயம். அதுல "மலாக்", அனுப்புறதுங்கிற வேர்ல பிறந்த சொல். பழைய ஏற்பாட்டுல மலாக்கின்னு ஒரு புத்தகம் இருக்கே, அந்தப் பேருக்கே "என் தூதன்"னுதான் அர்த்தம். தொடக்கநூல் 32ம் அதிகாரத்த எடுத்துப் பாத்தா ரொம்ப அழகா இருக்கும். யாக்கோபு வழியில போறாரு, கடவுளோட தூதர்கள் எதிர்ல வர்றாங்க, எபிரேயத்துல அவங்க மலாக். ரெண்டு வசனம் தள்ளி, கோவமா இருக்கிற அண்ணன் ஏசாகிட்ட யாக்கோபு தன் ஆளுங்கள முன்னாடி அனுப்பி வைக்கிறாரு, அவங்களும் மலாக். மேல இருந்து வந்தவருக்கும் பக்கத்து ஊருக்குப் போற வேலையாளுக்கும் ஒரே சொல், ஏன்னா ரெண்டு பேரும் செய்யிறது ஒரே வேலை. எபிரேய நூல கிரேக்கத்துல மொழிபெயர்த்தவங்க இத அப்படியே காப்பாத்துனாங்க, ரெண்டு எடத்துலயும் ஆங்கெலோஸ்.

பிரிஞ்சது லத்தீன்லதான். கி.பி. 4ம் நூற்றாண்டுக் கடைசியில புனித ஜெரோம் பைபிள லத்தீன்ல மொழிபெயர்க்கிறப்ப முதல் கூட்டத்துக்கு "ஆங்கெலுஸ்"னு கிரேக்கச் சொல்ல அப்படியே வச்சுட்டு, யாக்கோபு அனுப்புன ஆளுங்களுக்கு "நுன்சியுஸ்"னு லத்தீன் சொல்லப் போட்டுட்டாரு. இப்படிப் பிரிச்சதுக்கு அப்புறம் லத்தீன் படிச்ச ஐரோப்பாவுக்கு ஆங்கெலுஸ்ங்கிறது ஒரு வேலையோட பேர் இல்ல, ஒரு இனத்தோட பேர் மாதிரி ஆயிருச்சு, அங்க தொலைஞ்ச அர்த்தம்தான் இன்னைக்கு வரைக்கும் நம்ம வாட்ஸப் குரூப்ல தொலைஞ்சுகிட்டு இருக்கு. அந்தக் காலத்துலயே இருந்த புனித அகுஸ்தினார் இத எடுத்துச் சொல்லிருக்காரு: ஏஞ்சல்ங்கிறது பணியோட பேரு, இயல்போட பேரு இல்ல, இயல்பால அவங்க ஆவி, செய்யிற பணியால தூதர்னு. இதவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

றெக்கையும் அப்புறமா முளைச்சதுதான். ரோம்ல பிரிசில்லா நிலத்தடிக் கல்லறைச் சுவர்ல மரியாளுக்குச் சேதி சொல்ற மாதிரி ஒரு பழைய ஓவியம் இருக்கு, அதுல வந்து நிக்கிறவரு சும்மா ஒரு வாலிபர், அங்கி போட்டு கைய நீட்டிப் பேசுறாரு, முதுகுல ஒண்ணும் இல்ல. 4ம் நூற்றாண்டோட கடைசி வாக்குலதான் றெக்கை வைக்கிற பழக்கம் பிடிக்குது. கிரேக்கர்களோட தூதுக் கடவுள் ஹெர்மஸுக்குக் கால் செருப்புல றெக்கை, வெற்றிய அறிவிக்கிற நைக்கிக்கு முதுகுல றெக்கை, இதெல்லாம் பாத்துப் பழகின கண்ணுக்கு, வேகமா சேதி கொண்டு வர்றவர்னு காட்ட றெக்கை தோதா இருந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன்.

இந்தக் காட்சிய வரைஞ்சவங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃப்ரா ஆஞ்செலிக்கோ, 1440கள்ல ஃப்ளாரன்ஸ் சான் மார்க்கோ மடத்துல மாடிப்படி ஏறினதும் எதிர்ல தெரியிற மாதிரி வரைஞ்சது. கபிரியேலோட றெக்கையில கலர் கலரா வரி, ஆனா பாக்க வேண்டியது அது இல்ல, அவரோட கை. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்காக் கட்டி, முட்டிய லேசா மடக்கி, பெரிய எடத்துச் சேதிய ஒரு சாதாரண வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்ல வந்தவரு அவளுக்கே பணிஞ்சு நிக்கிறாரு. அது தூதரோட நிலை, அத வரைஞ்சவருக்கு அந்தச் சொல்லோட அர்த்தம் தெரிஞ்சிருக்கு.

இப்ப தேவதைக்கு வருவோம். தேவதா-ங்கிற சமஸ்கிருதச் சொல்லுக்கு தெய்வம்னு அர்த்தம். நம்ம ஊர்ல கிராம தேவதை, எல்லை தேவதைன்னு சொல்றோம்ல, அவ ஒரு எடத்துல உக்காந்து அந்த ஊரக் காக்குறவ, கும்பிடுறதுக்கு உரியவ, யாரோட சேதியையும் தூக்கிட்டு இன்னொரு ஊருக்குப் போறவ இல்ல. தூதரோ அனுப்பப்பட்டவர், வந்து சொல்லிட்டுத் திரும்பிப் போறவர், அவரக் கும்பிடக்கூடாதுன்னு பைபிள்லயே இருக்கு. ரெண்டுக்கும் இடையில இவ்வளவு தூரம். இதுல சிறுவர் கதைகள்ல வர்ற மந்திரக்கோல் பொண்ணுக்கும், அந்த ஃபேரிக்கும், தேவதைன்னே மொழிபெயர்த்துட்டோம், அதனால குலசாமி, ஃபேரி, ஏஞ்சல் மூணும் ஒரே சொல்லுல போய் விழுந்துருச்சு. தேவதைன்னா பொண்ணுன்னு வேற ஆயிருது, மிக்கேல், கபிரியேல், ரஃபேல் எல்லாம் ஆண் பேரு.

தமிழ் வேதாகமம் மொழிபெயர்த்தவங்க இந்தத் தப்பப் பண்ணல, தேவதூதன்னு போட்டாங்க, கத்தோலிக்க மொழிபெயர்ப்புல வானதூதர். தூது வடமொழி "தூத"தான், ரிக் வேதத்துலயே அக்னிய தூதன்னு கூப்பிடுறாங்க, ஆனா தமிழ்ல அது நேத்து வந்த சொல் இல்ல. தொல்காப்பியம் தலைவன் பிரிஞ்சு போற காரணங்கள்ல ஓதல், பகையோட சேர்த்துத் தூதையும் சொல்லுது, திருக்குறள்ல 69ம் அதிகாரமே தூதுதான். தன் உயிருக்கே முடிவு வந்தாலும் தன்ன அனுப்புன அரசனுக்கு நல்லதச் செய்யிறவன்தான் தூதன்னு அந்த அதிகாரம் முடியும். ஆங்கெலோஸுக்கு இவ்வளவு பொருந்துற சொல் கையில இருக்கிறப்ப வேற எதுக்கு? கிரேக்கத்துல அனுப்பப்பட்டவன்னு அர்த்தம் வர்ற "அப்போஸ்தொலோஸ்"க்கும் கத்தோலிக்கத் தமிழ்ல திருத்தூதர்னுதான் வச்சிருக்காங்க.

இஸ்லாமியத் தமிழ் இன்னும் நுணுக்கமானது. அரபில "மலக்", எபிரேய மலாக்கோட அதே குடும்பம், தமிழ்ல மலக்குன்னும் வானவர்னும் சொல்லுவாங்க. தூதர்ங்கிற சொல்ல "ரசூல்"க்கு, அதாவது இறைத்தூதர்னு நபிக்கு வச்சிருக்காங்க, அதனால ஜிப்ரீல், அதாவது கபிரியேல், அவங்களுக்கு வானவர். குழப்பமே இல்ல.

அதனால எழுதுறவங்க கவனிக்கணும்னா, ஏஞ்சல்னா வானதூதர், கார்டியன் ஏஞ்சல்னா காவல் தூதர், ஆர்க்கேஞ்சல்னா அதிதூதர், இல்லாட்டி தலைமைத் தூதர். ஏஞ்சல் இன்வெஸ்டர்னு வர்ற எடத்துல தூதரும் வேண்டாம் தேவதையும் வேண்டாம், அங்க சேதியே இல்ல, தொடக்கநிலை முதலீட்டாளர்னு போட்டா புரிஞ்சிரும்.

இன்னொரு சொல்லும் இருக்கு, எங்க ஆச்சி ஏஞ்சல்னும் சொன்னதில்ல, வானதூதர்னும் சொன்னதில்ல, அவுங்களுக்கு சம்மனசு. ராத்திரி படுக்கப் போறப்ப நெத்தியில சிலுவை போட்டுட்டு "காவல் சம்மனசு கூட இருப்பாரு, தூங்கு"ம்பாங்க. பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்கள்ல எல்லாம் இந்தச் சொல்தான் இருக்கும், இப்ப கோவில்ல கூட யாரும் சொல்றதில்ல. அக்கா பொண்ணுக்கு அன்னைக்கே ரெண்டு சொல்லையும் சொல்லிக் குடுத்தேன். குரூப்ல அவளே வாய்ஸ் நோட் போட்டா: "நான் தேவதை இல்ல பெரியம்மா, நான் சம்மனசு, சேதி சொல்ல வந்தேன்."