கறுத்த காசைக் கழுவாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், காலமான தன் தாயாரின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த நான்கு வெள்ளி ரூபாய்களை என் மேசையில் வைத்தார். நான்கும் நேற்றுக் கடையில் வாங்கிய வெள்ளிக் குத்துவிளக்கு போல மின்னின. "ஒரே கறுப்பா இருந்துச்சு சார். அப்படியே கொண்டு வந்து கொடுக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. எங்க பத்தர்கிட்ட கொடுத்து பாலிஷ் போட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார். அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

மூன்று காசுகள் சாதாரண ஆண்டுகள். நான்காவது 1911. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் வந்த முதல் ரூபாய். அவர் அங்கியில் மார்புப் பக்கம் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி போல் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால், 1912-ல் அச்சைத் திருத்தினார்கள். அச்சடித்த 1911 ரூபாய்களில் பெரும்பகுதி வெளியே வராமலேயே உருக்கப்பட்டது. 'பன்றி ரூபாய்' என்று இன்றும் தேடி வாங்குகிறார்கள். வாங்குபவர் யாராக இருந்தாலும் முதலில் லென்ஸ் வைத்துப் பார்ப்பது அந்த யானையைத்தான். நானும் பார்த்தேன். முதுகு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. காலும் இல்லை, தும்பிக்கையும் இல்லை. பஃப் சக்கரம் வழித்துக்கொண்டு போய்விட்டது. மன்னரின் தாடி இழைகள் ஒன்றாகக் கலந்து சந்தன உருண்டை போல வழுவழுவென்று இருந்தன. அந்தக் காசுக்கு நான் சொல்ல முடிந்தது கிட்டத்தட்ட வெள்ளி விலைதான்.

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கறுப்பு என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் தேய்க்க வேண்டும். வெள்ளிக் குடம், விளக்கு, சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் விபூதி போட்டுத் துலக்கிப் பழகிய கை அல்லவா, காசையும் விடுவதில்லை. தயவுசெய்து கேளுங்கள். அந்தக் கறுப்பு எங்கிருந்தோ வந்து மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. துருவும் இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு, காசின் மேல்தோலில் இருந்த வெள்ளியே அப்படி மாறியிருக்கிறது. தரையில் படிந்த தூசியைப் பெருக்குவதும் சுவரின் பூச்சைச் சுரண்டுவதும் ஒன்றா? கறுப்பை எடுக்கிறேன் என்று நீங்கள் எடுப்பது காசின் தோலை. புளி, விபூதி, பல்பொடி, பாத்திரம் தேய்க்கும் பவுடர், பத்தரின் பஃப், எதில் எடுத்தாலும் எடுப்பது அதைத்தான்.

தேய்க்காமல் முக்கி எடுக்கும் திரவம் இருக்கிறதே என்பார்கள். அதுவும் மேல்தோலைக் கரைத்துத்தான் வெளுக்க வைக்கிறது. அச்சு அழுத்தும்போது உலோகம் வழிந்தோடிய நுண்ணிய கோடுகள் புதுக்காசின் மேல் இருக்கும். விளக்கடியில் காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம் போலச் சுழல்வது அவற்றால்தான். அதைத்தான் நாங்கள் லஸ்டர் என்கிறோம். ஒருமுறை கரைந்தால் அது திரும்பாது. காசு வெள்ளையாக இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அடித்தது மாதிரி செத்த வெள்ளை. அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் என்று வீடியோக்களில் காட்டும் வித்தையும் வேண்டாம். அது கறுப்பை மறுபடி வெள்ளியாக மாற்றுகிறது என்பது உண்மை. ஆனால் பழைய பரப்பு திரும்ப வருவதில்லை, மங்கலாகத்தான் நிற்கும். காசின் தரத்தைப் பார்த்து எண் கொடுக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற கிரேடிங் நிறுவனங்கள், கழுவிய காசு என்று கண்டுகொண்டால் எண் தர மாட்டார்கள். 'கிளீன்டு' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

டோனிங், அதாவது காசின் மேல் காலப்போக்கில் ஏறும் இந்த நிறப் படலம், எல்லாமே கெடுதல் என்றும் நினைக்காதீர்கள். மழை நாளில் ரோட்டில் சிந்திய பெட்ரோலில் நிறங்கள் தெரியுமே, அதே கதைதான் இங்கேயும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது இளமஞ்சள், கொஞ்சம் தடித்தால் செம்பழுப்பு, பிறகு ஊதா, நீலம், கடைசியில்தான் கறுப்பு. நீலம் வரும்போதுகூட அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வராது. காகித உறையில் பல வருஷம் அசையாமல் கிடந்த விக்டோரியா ரூபாய் ஒன்று, விளிம்பில் நீலம், உள்ளே தேன் நிறம், நடுவில் வெள்ளை என்று வளையம் வளையமாக வந்தது. அடியில் லஸ்டர் அப்படியே சுழன்றது. பளிச்சென்ற வெள்ளைக் காசைவிட அதற்குத்தான் போட்டி அதிகம். அதே ஆசையைப் பயன்படுத்திக் கந்தகமும் சூடும் வைத்து நிறம் ஏற்றி விற்பவர்களும் உண்டு. நிறங்கள் நான் சொன்ன வரிசையில் மெல்ல மாறாமல், திட்டுத்திட்டாகத் தாவினால் சந்தேகப்படுங்கள். தேய்த்த கீறல்களின் மேலேயே நிறம் ஏறியிருந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

புள்ளிகள் வேறு சமாச்சாரம். அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பச்சையாக, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தால் அது பிவிசி. மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பம் கக்கிய எச்சம். இது மட்டும் அவசரம், தள்ளிப்போடாதீர்கள். விட்டுவைத்தால் காசை அரிக்கும். சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை ஊறவைத்து, புதிதாக ஊற்றி இன்னொரு முறை அலசி எடுங்கள். தேய்க்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் விளக்கும் பக்கத்தில் வேண்டாம். நகப்பூச்சு அழிப்பான் இதற்கு ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

நாணயச்சாலை வெளியிடும் நினைவு 100 ரூபாய்களில் பல, 50 சதவீதம்தான் வெள்ளி. 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். செந்நிறப் புள்ளியும் பழுப்பும் அவற்றில் சீக்கிரம் வரும், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயிலும் பாதிதான் வெள்ளி, அதுவும் அப்படித்தான். அதற்கு முந்தைய ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி.

கனடா மேப்பிள் லீஃப், அமெரிக்க ஈகிள் போன்ற, 99.9 சதவீதமோ அதற்கு மேலோ வெள்ளி உள்ள காசுகளில் பால் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளி வரும். கனடாக்காரர்களே இதற்காக 2018 முதல் தனித் தொழில்நுட்பம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீங்கள் துடைத்தால் போகாது, விட்டுவிடுங்கள்.

சின்னச் சின்னக் கறும்புள்ளிகளில் பாதி நம் வாயிலிருந்து விழுந்தவை. காசைக் கையில் வைத்துக்கொண்டு பேசாதீர்கள். எச்சில் துளி கண்ணுக்குத் தெரியாது, சில மாதம் கழித்துப் புள்ளியாக முளைக்கும். கைரேகையும் அப்படியே. விளிம்பைப் பிடியுங்கள், காசின் முகப்பைத் தொடாதீர்கள். கீழே ஒரு மெத்தென்ற துணி விரித்து, அதற்கு மேலே பிடித்துப் பாருங்கள்.

பாதுகாப்புக்குப் பெரிய செலவில்லை. பிவிசி இல்லாத மைலார் என்னும் பிளாஸ்டிக் உறை, அல்லது காசை வைத்து இறுக மூடும் காப்சூல். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், மழைக்காலத்தில் மாற்றுங்கள். ரப்பர் பேண்டு போடவே கூடாது, அதில் கந்தகம் இருக்கிறது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள். பீரோவில் துணிக்குப் போடும் பாச்சை உருண்டை பக்கத்தில் வேண்டாம். பூஜையில் வைக்கும் காசுக்கு மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டுமென்றால், ஒரு சாதாரணக் காசை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த ஆசிரியையிடம் யானை விஷயத்தைச் சொல்லி, 1912 ரூபாய் ஒன்றையும் லென்ஸில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சுருக்குப்பையில இன்னும் ஏழெட்டு இருக்கு சார். அதுங்களும் கறுப்புதான். பத்தர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார்."

"அம்மா, அந்தப் பையோட அப்படியே கொண்டு வாங்க. துணியால துடைக்கக்கூட வேண்டாம்" என்றேன்.

நாளை மறுநாள் வருகிறார்.