மிசோரியின் வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டை: விதிகளும் கவுன்டிவாரிக் கணக்கும்

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமையன்று வசந்தகாலக் காட்டு வான்கோழி வேட்டைப் பருவம் தொடங்கி மூன்று வாரங்கள் நடைபெறுகிறது. அதற்கு முன்னதாக ஒரு சனி, ஞாயிறு 6 முதல் 15 வயது வரையிலான சிறுவர் சிறுமியருக்கென ஒதுக்கப்படுகிறது. வேட்டையில் விழும் ஒவ்வொரு பறவையும் அன்றிரவு 10 மணிக்குள் மாநில வனவளப் பாதுகாப்புத் துறையிடம் பதிவாகிவிட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அச்சாணி. எந்தக் கவுன்டியில், அதாவது மாநிலத்தின் எந்த நிர்வாக மாவட்டத்தில், எத்தனை பறவைகள் வேட்டையாடப்பட்டன என்ற கணக்கு இந்தப் பதிவுகளிலிருந்துதான் கிடைக்கிறது.

வேட்டைக்குச் செல்பவர் அந்தப் பருவத்துக்குரிய உரிமம் பெற்றிருக்க வேண்டும். 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்து 16 வயதை எட்டியவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருப்பதும் அவசியம். பயிற்சி முடிக்காதவர்கள் தகுதி பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையில் வேட்டையாடத் தனி அனுமதி ஒன்று உண்டு. மாநிலத்தில் குடியிருக்கும் நில உரிமையாளர்களுக்குச் சொந்த நிலத்தில் மட்டும் செல்லுபடியாகும் கட்டணமில்லா உரிமம் கிடைக்கும். இந்த உரிமத்துக்கு முன்பு 5 ஏக்கர் நிலம் போதுமானதாக இருந்தது. 2020 முதல் குறைந்தது 20 ஏக்கர் வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது.

ஒருவர் பருவம் முழுவதிலும் இரண்டு பறவைகளை எடுக்கலாம். அவை சேவல்களாகவோ, மார்பில் தாடி போன்ற முடிக்கற்றை வெளியே தெரியும்படி தொங்கும் பறவைகளாகவோ இருக்க வேண்டும். பெட்டைகளில் மிகச் சிலவற்றுக்கு இந்தத் தாடி முளைப்பதுண்டு என்பதால்தான் விதி இப்படி எழுதப்பட்டுள்ளது. முதல் வாரத்தில் ஒரு பறவைக்கு மேல் எடுக்கக்கூடாது. முதல் வாரத்தில் எதுவும் கிடைக்காதவர் அடுத்த இரண்டு வாரங்களில் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் எடுக்க முடியாது. காட்டு வான்கோழிச் சேவல் பல பெட்டைகளுடன் இணைசேரும். அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ அதற்குப் பங்கில்லை. தரையில் கூடு அமைத்து, ஏறத்தாழ 10 முதல் 12 முட்டைகள் இட்டு, 28 நாட்கள் அடைகாப்பது பெட்டை மட்டுமே. ஆகவே இணைசேர்க்கை பெரும்பாலும் நடந்து முடியும் தறுவாயில் சேவல்களை ஓரளவு எடுப்பதால் அடுத்த தலைமுறைக்குப் பெரிய இழப்பு நேராது என்ற கணிப்பில்தான் தொடக்கத் தேதியும் முதல் வாரக் கட்டுப்பாடும் வகுக்கப்பட்டிருக்கின்றன. தேதி மிகவும் முன்னே நகர்ந்தால் இந்தக் கணிப்பு ஆட்டம் காணக்கூடும் என்பதை, பருவத்தைச் சீக்கிரம் தொடங்கக் கோருவோர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு தொடங்குகிறது. பொது நிலங்களில் பிற்பகல் 1 மணிக்கு அது முடிந்துவிடும். தனியார் நிலங்களில் மட்டும் 2024 முதல் சூரியன் மறையும் வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. வில், குறுக்குவில், ரவைத் துப்பாக்கி ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. துப்பாக்கி மொத்தமாக மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாததாகவும், ரவை 4-ஆம் எண் அளவோ அதைவிடச் சிறியதோ ஆகவும் இருக்க வேண்டும். நாய்களைப் பயன்படுத்துவதும், மின்னணுக் கருவியால் பறவைக் குரல் எழுப்புவதும், உயிருள்ள பறவையைக் கட்டி வைத்துக் கவர்ந்திழுப்பதும், தீனி தூவி வரவழைப்பதும் தடைசெய்யப்பட்டுள்ளன. தூவிய தானியம் முழுவதையும் அகற்றிய பின்பும் 10 நாட்கள் வரை அந்த இடம் தீனியிட்ட இடமாகவே கருதப்படும். வேட்டையாடுபவர் மரத்தடியில் மறைந்திருந்து பெட்டையின் குரலில் அழைக்க, சேவல் பதில் குரல் கொடுத்தபடி நெருங்கி வருவதே இந்த வேட்டையின் முறை. குரலை நம்பி வேறொரு வேட்டைக்காரரைப் பறவையென்று எண்ணிச் சுடும் ஆபத்து இதில் இருப்பதால், தலையையும் தாடியையும் கண்ணால் கண்டு உறுதி செய்யாமல் விசையைத் தொடவே கூடாது. சேவலின் தலையில் தெரியும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் உடை அணியக்கூடாது என்று பயிற்சியில் வலியுறுத்துவதும் இதனால்தான்.

பறவை விழுந்தவுடன் உரிமத்தில் அந்த மாதத்தையும் தேதியையும் குறித்துவிட வேண்டும். பிறகு டெலிசெக் எனப்படும் பதிவு முறையில் தொலைபேசி, இணையதளம், கைப்பேசிச் செயலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் வழியாக, எந்தக் கவுன்டியில் எடுக்கப்பட்டது, முதிர்ந்த சேவலா, இளஞ்சேவலா, தாடியுள்ள பெட்டையா என்ற விவரங்களைத் தெரிவித்து உறுதிப்பாட்டு எண்ணைப் பெற வேண்டும். பதிவு முடியும் வரை தலையும் இறகும் உடலோடு இருக்க வேண்டும். மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுசெல்வதாக இருந்தால் அதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். முன்பெல்லாம் பறவையைச் சோதனை நிலையத்துக்கு நேரில் கொண்டுசென்று காட்ட வேண்டியிருந்தது. இப்போது சில நிமிட வேலையாகிவிட்டதால் இதை அலட்சியப்படுத்துவோர் உண்டு. பதிவாகாத ஒரு பறவை சட்டமீறல் என்பதோடு, அந்தக் கவுன்டியின் கணக்கையும் பொய்யாக்குகிறது.

கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை மிசோரியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. காடுகள் அழிந்ததாலும் வரைமுறையற்ற வேட்டையாலும் பறவைகள் அருகிப்போனதால் 1937-இல் வேட்டை முற்றாக நிறுத்தப்பட்டது. பண்ணையில் வளர்த்த ஆயிரக்கணக்கான வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்த முயற்சி பலிக்கவில்லை. அவற்றுக்குக் காட்டில் பிழைக்கத் தெரியவில்லை. 1954 முதல் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைகளை வலைவீசிப் பிடித்து, அவை இல்லாத பகுதிகளில் விடத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது. 1960-இல் வெறும் 14 கவுன்டிகளில் மூன்று நாட்கள் மட்டும் வேட்டை அனுமதிக்கப்பட்டது. அப்போது எடுக்கப்பட்டவை 94 பறவைகள். 2004 வசந்தத்தில் அந்த எண்ணிக்கை 60,000-ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் குறைந்ததால் கணக்கும் சரிந்தது. அந்த உயரத்தை மாநிலம் மீண்டும் எட்டவில்லை.

கவுன்டிவாரிப் பட்டியலைப் படிக்கும்போது நிதானம் தேவை. மிசோரியில் 114 கவுன்டிகளும், எந்தக் கவுன்டியிலும் சேராத செயின்ட் லூயிஸ் நகரமும் உள்ளன. தெற்கே ஓசார்க் மலைப்பகுதியில் இருக்கும் டெக்சஸ் கவுன்டியின் பெயர் பட்டியலின் முன்வரிசையில் அடிக்கடி வருவதைக் கண்டு அங்கேதான் பறவைகள் அடர்த்தியாக இருக்கின்றன என்று முடிவுகட்டுவது பிழையாகும். பரப்பளவில் மாநிலத்தின் மிகப் பெரிய கவுன்டி அது. ஒரு சதுர மைலுக்கு எத்தனை பறவைகள் எடுக்கப்பட்டன என்று வகுத்துப் பார்த்தால் வரிசை மாறக்கூடும். ஓசார்க் பகுதி தொடர்ச்சியான காடு. வடக்கே காடும் மேய்ச்சல் நிலமும் வயலும் கலந்து கிடக்கின்றன. தென்கிழக்கு மூலையிலுள்ள மிசிசிப்பித் தாழ்நிலம் பெரும்பாலும் உழுத வயல் என்பதால் அங்கு எண்ணிக்கை எப்போதும் சிறிதே. தொடக்க நாட்களில் மழையோ காற்றோ வலுத்தால் பறவைகள் இருந்தும் கணக்கு இறங்கும். வேட்டைக்கு வருவோர் குறைந்தாலும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றையும்விட எண்ணிக்கையை ஆழமாகப் பாதிப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய குஞ்சுப் பொரிப்பு. உரக்கக் கூவி அழைப்புக்கு எளிதில் வருபவை பெரும்பாலும் இரண்டு வயதுச் சேவல்கள் என்பதால், ஒரு கோடையில் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தால் அதன் பலன் மறு வசந்தத்தில் இளஞ்சேவல்களின் கணக்கிலும், அதற்கடுத்த வசந்தத்தில் முதிர்ந்த சேவல்களின் கணக்கிலும் தெரியும். பட்டியலில் இவ்விரண்டும் தனித்தனியே தரப்படுவது இந்தக் காரணத்தால்தான். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இந்தச் செய்தியைத் தவறவிடுவார்.

எனவே துறை வேட்டைக் கணக்கை மட்டும் நம்பியிருப்பதில்லை. 1959 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தன்னார்வலர்கள் தாங்கள் காணும் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணித் தெரிவிக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சுகள் என்ற விகிதம் பகுதிவாரியாகக் கணக்கிடப்படுகிறது. இதில் பங்கேற்க வேட்டை உரிமம் தேவையில்லை. 1976-இல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, மிசோரியில் 8 டாலருக்குப் பொருள் வாங்கினால் அதற்கான விற்பனை வரியில் ஒரு சென்ட் இந்தத் துறைக்குச் செல்கிறது. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவருக்கும் இந்தப் பறவைகளில் பங்கு உண்டு. கணக்கெடுப்பில் சேருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குஞ்சுகளோடு நடக்கும் பெட்டையைக் கண்ட மகிழ்ச்சியில் அதை மட்டும் குறித்துவிடாமல், வயலோரம் தனியே நிற்கும் குஞ்சில்லாத பெட்டையையும் தவறாமல் எழுத வேண்டும்.