கூகுளின் இன்னொரு வாசல்

"எங்கள் லேபில் 20 கணினி. எல்லாவற்றிலும் சேஃப் சர்ச் போட்டுவிட்டு வருகிறேன். மறுநாளே யாராவது அணைத்து வைத்திருக்கிறார்கள். மொத்தமாக ஓரிடத்தில் பூட்ட முடியாதா?" என்று ஓர் ஆசிரியை கேட்டிருந்தார். சேஃப் சர்ச் என்பது கூகுள் தேடல் முடிவுகளில் ஆபாசத்தை வடிகட்டும் வசதி. மொத்தமாகப் பூட்ட முடியும். அதைச் செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

நாம் தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கு வேண்டியது எண். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தருவது டிஎன்எஸ். பள்ளி ரவுட்டரில் 1.1.1.3 என்று போட்டால், கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் ஆபாசத் தளங்களுக்கு 0.0.0.0 என்று பதில் தரும். அந்த முகவரியில் எதுவும் இல்லை, பக்கம் திறக்காது. சரி, கூகுளை அப்படி மூட முடியுமா? பாடத்துக்கே அது வேண்டும். பிள்ளை என்ன தேடுகிறது என்று எட்டிப்பார்க்கவும் வழியில்லை, பிரவுசரும் தளமும் பேசிக்கொள்ளும் எச்டிடிபிஎஸ் முறை எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்புகிறது.

இங்கேதான் அழகு. சேஃப் சர்ச்சுக்கென்றே கூகுள் தனியாக ஒரு முகவரி வைத்திருக்கிறது: 216.239.38.120. யாராவது கூகுள் எங்கே என்று கேட்டால் இந்த எண்ணைக் கொடு என்று பள்ளி டிஎன்எஸ் சர்வரில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பிரவுசர் வழக்கம்போலக் கூகுளிடம்தான் போகிறது, பாதுகாப்பு எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. ஆனால் வந்து சேர்ந்த வாசல் வேறு. ஒரே கோயிலுக்குத் தெற்கு வாசல் வழியாக நுழைந்த மாதிரி. இந்த வாசலில் வருகிறவர்களுக்கு வடிகட்டிய முடிவுகள் மட்டுமே. மாணவர் செட்டிங்கில் எதை அழுத்தினாலும் அணையாது. பிள்ளை தேடிய சொல்லைப் பள்ளியில் ஒருவரும் படிக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்!

நிமிடத்துக்கொரு தடவை மாணவர் திரையைப் படமெடுக்கும் மென்பொருளுக்குப் பள்ளிகள் காசு கொடுப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. உடம்பைப் பற்றிச் சந்தேகம் கேட்க ஆசிரியரிடம் கூச்சப்பட்டு இணையத்துக்கு வரும் பெண்ணை அது இன்னும் பயமுறுத்தும்.

அந்த டிஎன்எஸ் வரியை எழுதும்போது கூகுள்.காமோடு கூகுள்.கோ.இன்னையும் சேர்த்துவிடுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் லேப் கணினி ஒன்றில் அந்தக் கறுப்புக் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பெயருக்கு என்ன எண் வருகிறது என்று காட்டும் என்எஸ்லுக்கப் (nslookup) என்ற கட்டளையோடு www.google.com என்று தட்டிப் பாருங்கள். 216.239.38.120 வந்தால் வேலை முடிந்தது. வேறு எண் வந்தால், அந்தக் கணினியில் யாரோ டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்கலாம், அல்லது அது ஒரு மாணவரின் ஹாட்ஸ்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கலாம்.