கியூரியாசிட்டி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் கியூரியாசிட்டி. குழுவை நடத்துபவருக்கு அது அவசியம் என்கிறார்கள். தமிழில் பெரும்பாலும் 'ஆர்வம்' என்று எழுதிவிடுகிறோம். அது போதாது என்றே நினைக்கிறேன்.

லத்தீனில் 'கூரா' என்றால் அக்கறை. அதிலிருந்து வந்த 'கூரியோசஸ்', அக்கறையோடு கவனிப்பவரைக் குறித்தது. அருங்காட்சியகப் பொருள்களைப் பேணும் 'கியூரேட்டர்' என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். நம் ஆர்வமும் அன்பின் பக்கத்திலிருந்து வந்த சொல். 'அன்பு ஈனும் ஆர்வம் உடைமை' என்கிறது 74ஆம் குறள். அங்கே அது பிறர்மேல் உண்டாகும் விருப்பம். எங்கோ இருக்கும் இரண்டு மொழிகளில் இப்படி அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை.

ஆனால் இன்று ஆர்வம் கிரிக்கெட்டிலும் இருக்கலாம், சமையலிலும் இருக்கலாம். காரணம் தெரிந்தே ஆகவேண்டும் என்ற துடிப்பைச் சொல்ல 'அறியும் ஆவல்' பொருத்தம். 'அறிவார்வம்' நல்ல சொல்தான், கொஞ்சம் படிப்பு வாசனை அடிக்கிறது. அடுத்தவர் சங்கதியைத் துருவுவது வேறு. இலங்கைத் தமிழில் அதற்கு 'விடுப்பு' என்றே பெயர்.

சரி, வேலையிடத்தில் இந்த ஆவல் என்ன செய்யும்? டொயோட்டா உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணத்தைப் பாருங்கள். இயந்திரம் நின்றுவிட்டது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போய்விட்டது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக எண்ணெய் ஏற்றவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருக்கிறது. அது ஏன்? வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது. முதல் பதிலோடு எழுந்து போயிருந்தால் ஃபியூஸை மட்டும் மாற்றியிருப்பார்கள், இயந்திரம் மறுபடியும் நின்றிருக்கும். இந்த ஐந்து கேள்விகளில் 'யார் செய்தது?' என்பது இல்லவே இல்லை. அதனால்தான் தொழிலாளி பயப்படாமல் பதில் சொல்ல முடிகிறது.

நம் அலுவலகங்களிலோ கேள்வி கேட்கும் இளையவருக்கு 'ஆர்வக்கோளாறு', 'அதிகப்பிரசங்கி' என்று பட்டம் கிடைக்கிறது. அப்புறம் அவர் வாயே திறப்பதில்லை. கூட்டத்தின் முடிவில் நாம் கேட்கும் 'ஏதாவது சந்தேகம் இருக்கா?' என்பதும் எனக்கு உறுத்தல்தான். கை தூக்கினால் புரியவில்லை என்று ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது. 'இதுல இன்னும் என்ன தெரிஞ்சுக்கணும்?' என்று மேலாளரே தொடங்கிவைக்கலாம்.