ஜப்பானிய மொழியில் காதலை எழுதும் முன்

திருமண நாள் பரிசாக மனைவிக்குக் கொடுக்க ஒரு மரப்பலகையில் ஜப்பானிய எழுத்துகளைச் செதுக்க விரும்பிய ஒருவர், வேலை தொடங்கும் முன் சரிபார்த்துத் தரும்படி அதன் வரைபடத்தை எனக்கு அனுப்பினார். அன்பைக் குறிக்கும் எழுத்தையும் மனிதரைக் குறிக்கும் எழுத்தையும் அகராதியில் தேடி எடுத்து, ‘அன்புக்குரியவள்’ என்ற பொருள் வரும் என்று நம்பி அவரே சேர்த்திருந்தார். அவ்விரண்டும் ஒட்டி நின்றால் ‘ஐஜின்’ என்று படிக்கப்படும். இன்றைய ஜப்பானில் அது மணவாழ்வுக்கு வெளியே வைத்துக்கொண்ட உறவைக் குறிக்கும் சொல். சீன மொழியில் இதே எழுத்துகள் கணவனையோ மனைவியையோ குறிப்பதால், சீன அகராதியைப் புரட்டியவர்களும் இங்கே தவறிவிடுகிறார்கள். காதலனையும் காதலியையும் ஜப்பானியர் ‘கொய்பிதோ’ என்பார்கள்.

மொழிபெயர்ப்புப் பணியில் இத்தகைய பிழைகளை அடிக்கடி காண்கிறேன். காதலுக்கு ‘கொய்’, ‘ஐ’ என இரு எழுத்துகள் இருப்பதைப் பலரும் அறிவார்கள். இரண்டும் வந்த வழி வேறு என்பதை அறிந்தவர்கள் குறைவு. ‘கொய்’ ஜப்பானியரின் சொந்தச் சொல். அருகில் இல்லாத ஒருவருக்காக மனம் ஏங்குவதே அதன் அடிப்படை. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மான்யோஷூ பாடல்களில் சில இடங்களில் அச்சொல்லின் ஒலியை எழுத, தனிமையையும் துயரத்தையும் குறிக்கும் இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்றும் சொந்த ஊரை நினைத்து ஏங்குபவர் ‘கொய்ஷீ’ என்றுதான் சொல்கிறார்.

‘ஐ’ சீனத்திலிருந்து வந்தது. பௌத்த நூல்களில் அது பற்றையும் வேட்கையையும், அதாவது விட்டொழிக்க வேண்டியதைக் குறித்தது. அதனால்தான் 16ஆம் நூற்றாண்டில் வந்த கிறித்துவப் பாதிரிமார்கள் இறைவனின் அன்பைச் சொல்ல அதைத் தவிர்த்து, ‘மதிப்புக்குரியது’ என்ற பொருள் தரும் ‘கொதைசெட்சு’வை எடுத்துக்கொண்டார்கள். மேலைநாட்டு நூல்கள் மொழிபெயர்க்கப்பட்ட மெய்ஜி காலத்தில் (1868–1912), இரண்டு எழுத்துகளையும் இணைத்த ‘ரென்-ஐ’ என்னும் சொல் பரவியது; ‘ரென்’ என்பது ‘கொய்’ எழுத்தின் சீன ஒலி. 1892இல் கவிஞர் கிதமுரா தோகொக்கு எழுதிய கட்டுரை ஒன்று, மனித வாழ்வின் மறைபொருளைத் திறக்கும் சாவி என்று ரென்-ஐயைப் போற்றித் தொடங்குகிறது. இன்று அது கட்டுரைக்கும் ஆய்வுக்கும் ‘காதல் திருமணம்’ என்ற தொடருக்கும் ஏற்ற பொதுச்சொல். நேருக்கு நேர் நின்று யாரும் அதைச் சொல்வதில்லை.

நேரில் சொல்வது பெரும்பாலும் ‘சுகி’தான். உணவுக்கும் பாட்டுக்கும் பயன்படும் ‘பிடிக்கும்’ என்ற அதே எளிய சொல் காதலைத் தெரிவிக்கும் தருணத்தில் முழு எடையும் பெறுகிறது. ‘ஐ’யிலிருந்து வரும் ‘ஐஷிதேரு’ (காதலிக்கிறேன்) மிகக் கனமானது; அதை வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாத தம்பதியர் ஜப்பானில் உண்டு. நம் படங்களுக்கு ஜப்பானிய வசனம் எழுதுபவர்கள் ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ வரும் இடமெல்லாம் அதையே போட்டால், பள்ளிப் பையனும் மரணப் படுக்கையில் இருப்பவர்போலப் பேசத் தொடங்கிவிடுவான்.

தீவிரமான காதலுக்குச் சொல் தேடும்போது இன்னும் கவனம் தேவை. அகராதி முதலில் காட்டும் ‘ஜோனெட்சு’ வேலைக்கான நேர்காணலில் காட்டும் ஆர்வத்துக்கும் பொருந்தும். ‘நெட்சு-ஐ’ நடிகர்களைப் பற்றிய வார இதழ்த் தலைப்புகளின் சொல். ‘யொக்குஜோ’ உடல் இச்சையோடு நின்றுவிடும். நான் பெரிதும் விரும்புவது ‘கொய்கொகரேரு’ என்னும் வினை. ‘கொகரேரு’ என்றால் கருகுவது. தமிழில் காதலர்கள் உருகுகிறார்கள், ஜப்பானிய மொழியில் கருகுகிறார்கள். கடிதத்திலும் கவிதையிலும் அது அழகாக அமையும், அன்றாடப் பேச்சில் செயற்கையாக ஒலிக்கும்.

ஆகவே, சொல் கேட்டு வருபவர்களிடம் யார் யாருக்குச் சொல்வது, பேச்சிலா எழுத்திலா, வேறு யார் கண்ணில் படும் என்று கேட்டுக்கொண்ட பிறகே பதில் தருகிறேன். பலகை செய்தவரிடமும் அப்படித்தான் கேட்டேன். வீட்டுக் கூடத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார். அவர் தேர்ந்த இரண்டு எழுத்துகளையும் மாற்றாமல், நடுவில் ‘ஷி’, ‘இ’ என்னும் இரண்டு சிறிய ஒலியெழுத்துகளைச் சேர்க்கச் சொன்னேன். எழுத்துகள் இரண்டும் அப்போது தம் சீன ஒலியை விட்டு ஜப்பானிய ஒலிக்கு மாறி, முழுவதும் ‘இதொஷீ ஹிதோ’ என்று படிக்கப்படும். அவர் சொல்ல நினைத்த ‘அன்புக்குரியவள்’ அதுதான்.