கரந்தடி என்றொரு சொல் இருக்கிறது

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு சலூனில் குந்தியிருந்தேன். தொலைக்காட்சியில் எங்கோ தூரதேசத்துப் போர்ச் செய்தி. “கொரில்லாப் படையினர் மலைப்பகுதிக்குப் பின்வாங்கினர்” என்றது குரல். பக்கத்துக் கதிரையில் முடி வெட்டக் கொடுத்திருந்த பொடியன் கேட்டான்: “அப்பா, குரங்குமா சண்டை பிடிக்குது?” தகப்பன், “தலையை ஆட்டாதை” என்று அதட்டினார். எனக்கென்னவோ அந்தக் கடையிலேயே அவன் ஒருவன்தான் தமிழைக் கவனித்துக் கேட்டவன் என்று பட்டது.

குரங்கின் பெயர் கார்த்தேஜ் மாலுமி ஹன்னோவின் பழைய பயணக் குறிப்பிலிருந்து 1847இல் எடுத்து வைக்கப்பட்டது. போரின் பெயர் ஸ்பானியம். ‘கெர்ரா’ என்றால் போர். அதன் சிறுமைப் பெயர், அவர்கள் உச்சரிப்பில், ‘கெரிய்யா’: சின்னப் போர். 1808இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தபோது ஊர்ச்சனம் மலை இடுக்குகளில் பதுங்கியிருந்து அடித்த அடியில்தான் இந்தச் சொல் உலகமெங்கும் போனது. தமிழில் ‘கெ’வோடு ஒரு அரவு கூடினால் போராளி குரங்காகிவிடுகிறான். சிங்களக்காரர் கரில்லா வேறு, கொரில்லா வேறு என்று ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அதுவும் இல்லை. ‘கெரில்லா’ என்று எழுதினால் சகித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

உண்மையில் என் கோபம் கொரில்லாவில் அல்ல. அது அறியாமை, திருத்தலாம். கெரில்லாப் போருக்குத் தூய தமிழ் என்று சொல்லிக்கொண்டு வரும் ‘மறைமுகப் போர்’தான் வயிற்றைக் கலக்குகிறது. மறைமுகம் என்றால் நேரே வராதது, இன்னொன்றின் வழியாக வருவது. கடையில் சவர்க்காரம் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுகிறோமே, அது மறைமுக வரி. ஒரு வல்லரசு தான் வெளியே நின்று வேறொரு நாட்டின் ஆட்களை ஏவி நடத்துகிறதே, அது மறைமுகப் போர். பதிலிப் போர் என்றாலும் சரி. பற்றைக்குள்ளிருந்து பத்தடி தூரத்தில் எழும்பிச் சுடுகிறவன் செய்வதில் என்ன மறைமுகம்? அவன் முகம்தான் மறைந்திருந்தது, அடி நேரடி. இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டால், ‘அவர்கள் மறைமுகப் போர் நடத்துகிறார்கள்’ என்ற வரியை வாசிப்பவர், அவர்களே அடிக்கிறார்களா ஆள் வைத்து அடிக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? எனக்குத் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரே கட்டுரையில் இரண்டுக்கும் இதையே போட்டிருந்தார். கேட்டதற்கு, “இடம் பார்த்து விளங்கிக்கொள்வார்கள்” என்றார். பிறகு நாங்கள் எதற்கு?

கெரில்லாப் போருக்கு எங்களிடம் இருக்கும் கரந்தடி என்ற சொல் அப்படியல்ல. கரத்தல் என்றால் ஒளித்தல். ‘இயல்வது கரவேல்’ என்று ஆத்திசூடியில் படித்த அதே வினை. கரந்து, அடி. ஒளிவதும் இருக்கிறது, அடிப்பதும் இருக்கிறது, எது முந்தியது என்பதும் இருக்கிறது. (கரந்தைத் திணையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். இல்லை. அது ஆநிரை மீட்கப் போனவர்கள் சூடிய பூ.)

வானத்தில் கண்ணும் காதும் வைத்திருக்கும் படைகளோடு மோதும் இந்தக் காலத்துக்கும் சொல் பொருந்துகிறது. 1965இல் இயா திராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கரின் வான்குண்டுக்கும் பீரங்கிக்கும் முகம்கொடுத்த வட வியட்நாமியர் கண்ட வழி, எதிரியின் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொள் என்பது. அவ்வளவு கிட்ட ஒட்டி நின்றால் விமானம் குண்டு போட முடியாது, தன் ஆட்களும் சாவார்கள். எதிரியோடு ஒட்டி நிற்பதே வானத்திடமிருந்து கரப்பது. 2002இல் அமெரிக்கா நடத்திய பெரும் போர்ப் பயிற்சியில் எதிரியாக நடித்த ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், வானொலியை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பிச் செய்தி சொன்னார். ஒட்டுக்கேட்கும் கருவிகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பாவனைத் தாக்குதலில் 16 கப்பல்கள் ‘மூழ்கின’. பிறகு கப்பல்களை மிதக்கவிட்டுப் பயிற்சியை மறுபடி தொடங்கினார்கள் என்பது வேறு கதை. இதில் எது மறைமுகம்?

கொழும்பில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு தடை. ஒரு பதிப்பாசிரியர் என் கரந்தடியை வெட்டிவிட்டு, “அது எங்கடை போர்க்காலத்துப் பழைய ஞாபகத்தைக் கொண்டுவரும், கொரில்லா என்றே போடுங்கோ” என்றார். அவர் பயம் எனக்கு விளங்காமலில்லை. ஆனால் ஔவை கையாண்ட வினையை நாங்கள் எவருக்கும் குத்தகைக்குக் கொடுக்கவில்லை. ஸ்பெயின் கதையையும் வியட்நாம் கதையையும் எழுத அது வேண்டும்.

இப்போது புதிதாக ‘சமச்சீரற்ற போர்’ என்றொன்று கிளம்பியிருக்கிறது. பெரிய படையும் சிறிய படையும் மோதுவதைச் சொல்கிறார்களாம். சமச்சீர் என்பது வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகும் ஒன்றுபோல இருப்பது. சேற்றில் கால் புதைந்த யானையை நரி கொன்றுவிடும் என்று வள்ளுவர் சொன்னாரே, அதைச் சமச்சீரற்ற வேட்டை என்றா சொல்வோம்? இங்கே சமம் இல்லாதது வலு, வடிவம் அல்ல. எங்கள் பள்ளிக்கூடக் கணிதத்தில் ‘சமனிலி’ என்று ஒரு பாடமே இருக்கிறது: ஒரு பக்கம் பெரிது, மற்றப் பக்கம் சிறிது. சமனிலிப் போர் என்றால் சாதாரணதரப் பிள்ளைக்கும் விளங்கும். மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் புத்தகத்தை மூடி எத்தனை வருஷமோ.