உங்கள் டாக்டரின் பதிவு எண்ணைப் பார்த்திருக்கிறீர்களா?

எம்.பி.பி.எஸ். பாஸ் செய்த கையோடு போர்டு மாட்டி வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிடலாம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி முடியாது. பல்கலைக்கழகம் தருவது பட்டம். வைத்தியம் பார்க்கும் உரிமையைத் தருவது மருத்துவக் கவுன்சில். 1914-ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் வழியே வந்த தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. அதன் பதிவேட்டில் பெயர் ஏறி, கையில் ஓர் எண் வந்த பிறகுதான் இங்கே ஒருவர் தனியாக அலோபதி வைத்தியம் பார்க்கலாம்.

பொது மருத்துவராக இத்தனை வருடம் இருந்ததில், இந்தப் பதிவைப் பற்றி இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நோயாளிக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. இளம் டாக்டருக்கு எண் கிடைத்தவுடன் அதோடு வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம். இரண்டுமே ஆபத்தானவை.

கடைசி வருடப் பரீட்சை பாஸ் ஆனதும் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜனாக, நம் ஊர்ப் பேச்சில் சி.ஆர்.ஆர்.ஐ. ஆக, ஒவ்வொரு துறையாகச் சுற்றி வர வேண்டும். மெடிசின், சர்ஜரி, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, ஆரம்ப சுகாதார நிலையம் என எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கி முடித்த பிறகே நிரந்தரப் பதிவு. தற்காலிகப் பதிவு என்பது பெரியவர்கள் மேற்பார்வையில், பயிற்சி நடக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதற்கான அனுமதி. ஆனால் நடப்பது என்ன? "ராத்திரி சும்மா இருந்தாப் போதும் தம்பி, ஏதாவதுன்னா போன் பண்ணுங்க" என்று சொல்லி, ஹவுஸ் சர்ஜன்களைத் தனியார் நர்சிங் ஹோமில் நைட் டியூட்டிக்கு உட்கார வைக்கிறார்கள். வீட்டில் கஷ்டம், கைச்செலவுக்கு ஆகும் என்று பையன்களும் போகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வந்து, ஏதாவது ஆகிவிட்டால், கேஸ் ஷீட்டில் இருப்பது அந்தப் பையனின் கையெழுத்து. காலையில் முதல் கேள்வியும் அவனிடம்தான் வரும். என்னிடம் கேட்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நிரந்தர எண் கைக்கு வரும்வரை எந்த நர்சிங் ஹோம் வாசற்படியையும் டியூட்டி டாக்டராக மிதிக்காதீர்கள்.

வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கே பட்டம் வாங்கி வந்தவர்கள் எப்.எம்.ஜி.இ. என்ற தேர்வை எழுத வேண்டும். 2002-லிருந்து நடக்கிறது. 300 கேள்விக்கு 150 சரியாக இருந்தால் பாஸ். நெகடிவ் மார்க் கிடையாது, வருடத்துக்கு இரண்டு முறை எழுதலாம். ஆனால் தேர்வு மட்டும்தான் தடை என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2021 நவம்பரில் வந்த விதிமுறைகள்தான் உண்மையான வடிகட்டி. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகன் பட்டம் வாங்கினால் எப்படி அங்கே டாக்டராகப் பதிவு செய்துகொள்ளலாமோ, அதே உரிமை உங்கள் பிள்ளைக்கும் அங்கே கிடைக்க வேண்டும். இதற்கெல்லாம் பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாத இன்டர்ன்ஷிப் உண்டு. இதில் ஒன்று இடறினாலும் ஆறேழு வருடமும் போட்ட பணமும் போனதுதான். ஏஜெண்டிடம் கல்லூரி கட்டடத்தின் போட்டோவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "இந்தப் பட்டத்தோடு அந்த நாட்டிலேயே பிராக்டிஸ் பண்ண லைசென்ஸ் கிடைக்குமா, எழுத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை எங்கே காட்ட வேண்டும்? 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: கிளினிக்கில், மருந்துச் சீட்டில், சான்றிதழில், பணம் வாங்கிய ரசீதில், எல்லாவற்றிலும் பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டாக்டர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் எண் இருக்கிறதா? இருந்தால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலோ தேடிப் பார்க்கலாம். யாரும் உங்களைத் தடுக்க முடியாது, டாக்டரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சித்தா, ஹோமியோபதி மருத்துவர்களுக்குத் தனித்தனிக் கவுன்சில்கள் உண்டு. அவர்கள் பெயர் இந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பதிவு இல்லாமல் அலோபதி வைத்தியம் பார்த்தால் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. ஊருக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டே பேர் வாங்கிய "கைராசி டாக்டர்"களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டுவலி அன்றைக்கே குறையும். சில வருடம் கழித்து அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்துபோய் எங்களிடம் வந்து நிற்பார்கள். இது எனக்குப் பழக்கப்பட்ட காட்சி, பழகியும் கோபம் குறையாத காட்சி.

போலிகளைப் பற்றிப் பேசும்போது பதிவு பெற்ற நாங்களும் கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கீகாரமில்லாத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடக் கூடாது. அந்தத் துறையில் தனித் தகுதி இல்லாதவர் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இரண்டும் அதே 2002 விதிகளில் உண்டு. சில மாத ஆன்லைன் சான்றிதழை வைத்துக்கொண்டு போர்டில் "நிபுணர்" என்று எழுதுவது நோயாளியை ஏமாற்றுவதுதான், வேறு பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எம்.டி., எம்.எஸ். முறையாக முடித்தவர்களும் அந்தக் கூடுதல் தகுதியைக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். வேறு மாநிலத்துக்குப் போகிறவர் இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கிப் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும். வேலையில் சேர வேண்டிய நேரத்தில்தான் பலருக்கு இது ஞாபகம் வருகிறது.

படிப்பும் நின்றுவிடக் கூடாது. ஐந்து வருடத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது விதி. 2023 ஆகஸ்டில் புதிய ஒழுக்க விதிகள் வெளிவந்து, அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. அதனால் நம் கையில் இருப்பது 2002 விதிகள்தான். 30 மணி நேரம் என்பது என் கணக்கில் ரொம்பக் குறைவு. அதையும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு நடையைக் கட்டும் சடங்காக ஆக்குவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாம் படித்தபோது சொல்லிக்கொடுத்த மருந்தின் அளவு இன்றைக்கு மாறியிருக்கலாம்.

இளம் டாக்டர்கள் பதிவுக்கு ஆபத்து ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறது என்று பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம், மேசையில் இருக்கும் சான்றிதழ் புத்தகத்தைப் பார்த்துத்தான். "சார், பையன் போன வாரம் லீவு போட்டுட்டான், டைபாய்டுன்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க, ஸ்கூல்ல கேக்குறாங்க." கேட்பவர் தெரிந்த மனிதர், தினமும் வணக்கம் சொல்கிறவர். ஆனால் பையனை நான் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, தேதியும் பழையது. பொய்ச் சான்றிதழ் தருவது விதிகளில் தெளிவாக ஒழுக்கக் கேடு என்றே இருக்கிறது. உண்மையான சான்றிதழுக்கும் முறை உண்டு: நோயாளியின் அங்க அடையாளம் ஒன்று, முகவரி, அவருடைய கையெழுத்து அல்லது கைநாட்டு, ஒரு நகல், ஒரு ரெஜிஸ்டர். அந்த ரெஜிஸ்டர் உங்கள் கிளினிக்கில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போடுங்கள். இன்றைக்கு ஸ்கூல் லீவு, நாளைக்கு இன்சூரன்ஸ், அடுத்து கோர்ட்டு வாய்தா என்று அதே கையெழுத்து எங்கெல்லாமோ போய் நிற்கும்.

ஸ்கேன் பார்க்கிறவர்களுக்கு இன்னும் கடுமை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லித் தண்டனை பெற்றால் முதல் முறை ஐந்து வருடத்துக்குப் பெயர் நீக்கம், மறுமுறை நிரந்தர நீக்கம். சட்டமே அப்படிச் சொல்லிவிட்டது. அது நியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், புகார். சிகிச்சையில் தவறு நடந்ததாக நினைக்கும் குடும்பம் மாநிலக் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கவுன்சில் இரு தரப்பையும் கேட்டு, எச்சரிக்கலாம், சில காலம் பெயரை நீக்கலாம், ஒரேயடியாகவும் நீக்கலாம். நஷ்டஈடு அங்கே கிடைக்காது. அதற்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 1995-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி அது. கவுன்சில் முடிவில் திருப்தி இல்லாத டாக்டர் 60 நாளுக்குள் தேசிய ஆணையத்தின் ஒழுக்க வாரியத்துக்கு மேல்முறையீடு போகலாம். நோயாளிக்கு அந்த வழியை 2019 சட்டம் எழுதி வைக்கவில்லை, அதைக் காட்டியே நோயாளிகளின் மேல்முறையீடுகள் திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. ஒரு டாக்டராக இதைச் சொல்கிறேன்: இந்த ஓட்டை அடைக்கப்பட வேண்டும். என் வாதத்தை இன்னொரு மன்றத்தில் வைக்க எனக்கு உரிமை இருக்கும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது இல்லை என்பது சரியில்லை.

புகார் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று வருடமாவது வைத்திருக்கவும் வேண்டும். வாயால் கேட்காமல் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். பதிவே இல்லாத ஆள் என்று தெரிந்தால் கவுன்சிலோடு நிற்காமல் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். சோதனைக்கு வருகிறவர்கள் அவர்கள்தான். மருந்துச் சீட்டு, ரசீது, போர்டின் போட்டோ ஆகியவற்றை மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.